தகவமைப்பும் தரவரிசையும்

பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் பாடநூல்களிலும் நாம் நெடுங்காலமாகக் கண்டு பழகிய படம் ஒன்று உண்டு. இடக்கோடியில் கூனி நிற்கும் ஒரு குரங்கு. அடுத்து அதனினும் சற்று நிமிர்ந்த ஒன்று. அதற்கடுத்து இன்னும் சற்று நிமிர்ந்த ஒன்று. வலக்கோடியில் நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் மனிதன். அமெரிக்காவில் டைம்-லைஃப் வெளியீடாக 1965ஆம் ஆண்டு வந்த ‘ஆதி மனிதன்’ என்னும் நூலுக்காக ருடால்ப் சாலிங்கர் என்னும் ஓவியர் தீட்டிய படமே இதற்கு மூலம். அம்மூலத்தில் 15 உருவங்கள் இருந்தன. அவற்றுள் சில, தனிக்கிளையாகப் பிரிந்து வழித்தோன்றல் இன்றி அழிந்துபோனவை என்பதை நூலின் உரைப்பகுதி கூறவே செய்தது. ஆயினும் உரையைப் படித்தோர் சிலர். படத்தைக் கண்டோர் பலர். உலகெங்கும் பரவியது படந்தான்.

அப்படம் நம் உள்ளத்தில் ஊன்றிய கருத்து ஓர் ஏணி. கீழ்ப்படியில் குரங்கு, மேற்படியில் மனிதன், இடையில் ஏறிக்கொண்டிருப்போர் பலர். ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான்’ என்று மேடையில் முழங்குவோரும், ‘அவ்வாறாயின் இன்றைய குரங்குகள் ஏன் இன்னும் மனிதராகவில்லை?’ என்று மடக்குவோரும் இந்த ஏணியின்மேல் நின்றுகொண்டே வாதிடுகின்றனர். இன்றுள்ள எந்தக் குரங்கிலிருந்தும் மனிதன் வந்தான் என்று உயிரியலார் கூறவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது என்றும், ஏறத்தாழ 60 அல்லது 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விரு வழிகளும் பிரிந்தன என்றுமே அவர்கள் கூறுகின்றனர். அக்கணக்கில் சிம்பன்சி நமக்குப் பாட்டன் அன்று, பங்காளி. மனிதத் தோற்றம் பற்றி அவரவர் உள்ளத்தில் உள்ள நம்பிக்கையோடு வழக்காட இக்கட்டுரையில் நாம் முற்படவில்லை. ஏற்பதாயினும் மறுப்பதாயினும், ஒரு துறையினர் உண்மையில் கூறுவது எது என்பதை அறிந்து ஏற்பதும் மறுப்பதுமே கற்றோர்க்கு அழகு என்று மட்டும் கூறி அமைகிறோம்.

நம் கவலை வேறு. ஏணி என்னும் எண்ணம் குரங்கோடு நின்றுவிடுவதில்லை. படிகள் உண்டு என்று ஒருமுறை ஒப்புக்கொண்ட உள்ளம், மனிதரையும் படிகளில் ஏற்றி இறக்கத் தொடங்கிவிடுகிறது.

வகைப்பாட்டியலின் தந்தை எனப் போற்றப்படும் சுவீடன் நாட்டு லின்னேயஸ், தம் பெருநூலின் பத்தாம் பதிப்பை 1758ஆம் ஆண்டு வெளியிட்டார். மனிதனையும் குரங்குகளையும் ஒரே வரிசையில் அடக்கி, அவ்வரிசைக்குப் ‘பிரைமேட்டுகள்’ என்று பெயர் சூட்டியது அப்பதிப்பே. முதலிடம் உடையவை என்பது அப்பெயரின் பொருள். தமிழில் இப்போது வழங்கத் தொடங்கியுள்ள ‘முதனி’ என்னும் ஆக்கமும் அப்பொருளையே சுமந்து நிற்கிறது. பெயரிலேயே ஏணியின் முதற்படி நடப்பட்டுவிட்டது. அதே நூலில், மனிதரைக் கண்டவாரியாக நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத்தையும் ஒரு குணத்தையும் லின்னேயஸ் கற்பித்தார். ஐரோப்பியருக்கு அவர் வழங்கிய குணங்கள் நல்லன என்பதையும், ஆப்பிரிக்கருக்கு வழங்கியவை இழிந்தன என்பதையும் சொல்லவேண்டுவதில்லை. மனிதனைக் குரங்கோடு சேர்த்து எண்ணும் துணிவு பெற்ற அறிஞர், மனிதனை மனிதனோடு சேர்த்து எண்ணும் துணிவைப் பெறவில்லை!

இத்தகைய எண்ணம் ஏட்டளவில் நின்றிருந்தால் நாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1906ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நியூயார்க் நகரின் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையில், ஓட்டா பெங்கா என்னும் இளைஞர் குரங்குக் கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டார். காங்கோ நாட்டுக் காடுகளிலிருந்து 1904ஆம் ஆண்டு செயிண்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காகக் கொண்டுவரப்பட்டவர் அவர். குள்ளமான உருவம், காங்கோ வழக்கப்படி கூராக்கப்பட்ட பற்கள். அவரோடு ஒரே கூண்டில் ஓர் ஒராங்குட்டானும் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்து கண்டு நகைத்தனர். கறுப்பினக் கிறித்தவப் போதகர்கள் வெகுண்டெழுந்து கண்டித்த பின்னரே அக்காட்சி நிறுத்தப்பட்டது. அவர் பின்னர் வர்ஜீனியாவில் வாழ்ந்து, 1916ஆம் ஆண்டு தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அக்காட்சிசாலையை நடத்தும் அமைப்பு இதற்காக வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரியது 2020ஆம் ஆண்டில். இடையில் கழிந்தவை 114 ஆண்டுகள். அக்கூண்டைக் கட்டியவர்கள் கல்லாதவர் அல்லர். தம் காலத்து அறிவியலைக் கற்றவர்கள், ஏணிப் படத்தை உண்மை என்று நம்பியவர்கள்.

இனி, ஏணியை நீக்கிவிட்டு உயிரியலை நோக்கினால் தென்படுவது என்ன? மரம். டார்வின் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட உயிரினத் தோற்ற நூலில் இடம்பெற்ற ஒரே படம், கிளைத்துக் கிளைத்துச் செல்லும் கோடுகளின் வரைபடமே ஆகும். ஒரு மரத்தில் எந்தக் கொழுந்து உயர்ந்தது, எந்தக் கொழுந்து தாழ்ந்தது என்று கேட்பார் இல்லை. ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை நோக்கி வளர்ந்துள்ளது. அவ்வளவே.

பிரைமேட்டுகளில் இன்று 500க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. 30 கிராம் அளவே எடையுள்ள மடகாஸ்கர்ச் சுண்டெலி லெமூரும், 200 கிலோ எடையை எட்டும் ஆண் கொரில்லாவும் இவ்வொரே வரிசையைச் சேர்ந்தவை. மடகாஸ்கரில் வாழும் ஐ-ஐ என்னும் விலங்கு, மரத்தை விரலால் தட்டித் தட்டி ஓசையால் உட்பொந்தை அறிந்து, கம்பி போல் மெலிந்த நடுவிரலை உள்ளே செலுத்திப் புழுவை எடுத்து உண்கிறது. எத்தியோப்பிய மலைமுகடுகளில் வாழும் கெலாடாக் குரங்கோ புல்லையே முதன்மை உணவாகக் கொண்டு, தரையில் அமர்ந்து நாள்முழுதும் புல் பறிக்கிறது. இவற்றுள் எது முன்னேறியது என்ற வினாவுக்குப் பொருளே இல்லை. ஐ-ஐயின் விரல் கெலாடாவுக்குப் பயன்படாது. கெலாடாவின் பல் ஐ-ஐக்கு உதவாது.

இதற்காக மடகாஸ்கர் வரை செல்லவும் வேண்டுவதில்லை. நம் மேற்குத்தொடர்ச்சி மலையும் அதன் அடிவாரமும் இவ்வுண்மைக்குப் போதிய சான்று பகரும். ஊர்ப்புறங்களிலும் கோயில் குளங்களிலும் சாலையோரங்களிலும் நாம் காணும் நாட்டுக் குரங்கு, கிடைத்ததைப் பறித்துக் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு ஓடி, பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து மெல்ல மென்று தின்னும். மனிதனோடு போட்டியிட்டு வாழ்வதற்கு அப்பை எத்துணைப் பயனுடையது என்பதைப் பேருந்து நிறுத்தத்தில் பழப்பையைப் பறிகொடுத்தோர் அறிவர். நீலகிரியிலும் ஆனைமலையிலும் வாழும் கருமந்திக்குக் கன்னப்பை இல்லை. அதற்கு அறைகள் பல கொண்ட வயிறு உண்டு. பிற குரங்குகள் தின்றால் செரிக்காத முற்றிய இலையை அவ்வயிற்றில் இட்டு, நுண்ணுயிர்களைக்கொண்டு புளிக்கவைத்துச் செரித்துக்கொள்கிறது. இலைதின்னும் இக்குரங்குக் குடும்பத்தின் இரைப்பையில் சுரக்கும் லைசோசைம் என்னும் நொதி, பசுவின் இரைப்பையில் சுரப்பதோடு சில கூறுகளில் ஒத்திருப்பதை 1987ஆம் ஆண்டு ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பசுவுக்கும் குரங்குக்கும் நெருங்கிய உறவு இல்லை. ஆனால் இலையைத் தின்று வாழவேண்டும் என்னும் நெருக்கடி இரண்டுக்கும் ஒன்று. இரண்டும் தனித்தனியே வந்தடைந்த விடையும் ஏறத்தாழ ஒன்று. தகவமைப்பு என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த விளக்கம் நாம் கண்டதில்லை.

சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்தி உலகில் வேறெங்கும் இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளுக்கே உரியது. மரமுகடுகளின் வழியே சென்று பழமும் பூச்சியும் தேடித் தின்பது அதன் இயல்பு. காட்டை வெட்டித் தேயிலை நட்டபோது அதன் பாதைகள் அறுந்தன. வால்பாறைப் பகுதியில் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் இன்றும் அது வாழ்கிறது. சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாதிருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுக்கவேண்டிய நிலை வந்துள்ளது. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் திட்டமிடப்பட்ட மின்னணை கைவிடப்பட்டு, அக்காடு 1984ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதில் இக்குரங்குக்குப் பெரும் பங்கு உண்டு.

தேவாங்கை ஈண்டுத் தனித்துக் குறிப்பிடவேண்டும். மெலிந்த ஒருவரை இகழ வேண்டின் ‘தேவாங்கு மாதிரி’ என்பது நம் வழக்கு. கைக்குள் அடங்கும் உடல், குச்சி போன்ற கைகால், முகம் முழுதும் கண். ஏணியில் வைத்தால் கடைசிப் படிதான் கிடைக்கும். ஆனால் அவ்வுருவம் முழுவதும் இரவுக்காக அமைந்தது. அப்பெருங்கண்களின் பின்புறம் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. விண்மீன் வெளிச்சத்திலும் பூச்சியைக் கண்டுகொள்ளும். கிளையும் அசையாது, இலையும் சலசலக்காது ஊர்ந்து சென்று இரையைப் பற்றும் விரைவை நேரில் கண்டவர் அப்பெயரை வசைச்சொல்லாக வழங்க மாட்டார்.

நம் முன்னோர் இவ்விலங்குகளைக் கூர்ந்து கண்டிருந்தனர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைப் பிரித்துக் கூறி, மூன்றன் பெண்ணுக்கும் மந்தி என்னும் பெயர் உரித்து என்கிறது. கலை என்னும் ஆண்பாற் பெயர் மானுக்கு மட்டுமன்றி முசுவுக்கும் பொருந்தும் என்கிறது. குரங்கின் இளமைக்குக் குட்டி என்பதோடு மக, பிள்ளை, பறழ், பார்ப்பு என்னும் பெயர்களையும் வழங்க இடந்தருகிறது. மக்கட் குழந்தைக்கு வழங்கும் மகவையும் பிள்ளையையும் குரங்கின் குட்டிக்கும் வழங்குவதில் நம் இலக்கணத்துக்குத் தயக்கம் இல்லை என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் இவ்விடத்தில் நம் தமிழன்பர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பகுத்ததைக் காட்டி, ‘டார்வினுக்கு முன்பே தொல்காப்பியர் பரிணாமம் கூறினார்’ என்று விழா மலர்கள்தோறும் எழுதுகின்றோம். அது புலன்களின் அடிப்படையில் அமைந்த பகுப்பு. ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியது என்னும் கூற்று அதில் இல்லை. கண்டு பகுத்த நுட்பமே அந்நூலுக்குப் போதிய பெருமை. இல்லாத பெருமையை ஏற்றுவதால் உள்ள பெருமை மறைகிறது. பஸ்ராவில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்து, உயிரினங்கள் பற்றி ஏழு தொகுதிகள் எழுதிய அறபு அறிஞர் அல்-ஜாஹிழை ‘முஸ்லிம் டார்வின்’ என்று அழைப்போர்க்கும் இதையே கூறுவோம்.

மனிதருக்கு வருவோம். உலகெங்கும் பரவிய பிரைமேட்டு மனிதன் ஒருவனே. நெருப்பும் உடையும் வீடும் படகும் அவனுக்குத் துணை நின்றன. ஆயினும் உடலும் ஆங்காங்கே மாறித்தான் இருக்கிறது. அம்மாற்றங்களுள் கண்ணில் முதலில் படுவது தோலின் நிறம். உலகில் மிகுந்த துன்பத்தை விளைவித்ததும் அதுவே.

நிறம் மெலனின் என்னும் நிறமியால் வருவது. நிறமியை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை கறுத்தவர்க்கும் வெளுத்தவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையுமே வேறு. நீனா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை விளக்குகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மிகுந்தால் உடலில் உள்ள போலேட் என்னும் சத்து சிதைகிறது. கருவிலுள்ள குழந்தையின் நரம்பு மண்டலம் செவ்வனே உருவாக அச்சத்து இன்றியமையாதது. அதே கதிர் மிகக் குறைந்தால், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி தோலில் உண்டாவதில்லை. ஆகவே நிலநடுக்கோட்டை அடுத்த வெயில் நாடுகளில் கருமை காப்பாயிற்று. வெயில் குறைந்த வடபுலங்களில் வெண்மை வழியாயிற்று. இரண்டும் பிள்ளைப்பேற்றையும் பிள்ளையையும் காக்க வந்த ஏற்பாடுகளே. கிழக்காசியரும் ஐரோப்பியரும் பெருமளவு வேறுவேறு மரபணு மாற்றங்களின் வழியே வெண்மை அடைந்தனர் என்பதும் இப்போது தெளிவாகியுள்ளது.

ஏணிக்காரர் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. சிம்பன்சியின் கரிய மயிரை விலக்கிப் பார்த்தால் அடியில் உள்ள தோல் வெளிறியது. மனித வழியினர் உடல்மயிர் குறைந்து திறந்தவெளியில் வெயிலில் நடமாடத் தொடங்கிய பின்னரே கருமை வந்தது. ஆக, கருமையைக் குரங்குக்கு அண்மையானது என்று இகழ்ந்தவர்கள், தம் ஏணியின் கணக்கைக்கூடச் சரிபார்க்கவில்லை.

நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் ஹாமின் மீது வீழ்ந்த சாபத்தால் அவர் வழியினர் கறுத்தனர் என்னும் கதை இடைக்காலத்தில் பல சமயத்தாரிடையேயும் வழங்கியது. அடிமை வணிகத்துக்கு அது பெரிதும் உதவிற்று. தூனிஸில் 1332ஆம் ஆண்டு பிறந்த இப்னு கல்தூன், 1377ஆம் ஆண்டு எழுதிய ‘முகத்திமா’வில் இக்கதையை வெளிப்படையாக மறுத்தார். பொருள்களின் இயற்கையை அறியாதார் கட்டியது இது. நிறம் வெப்பத்தாலும் காற்றாலும் வருவது. தெற்கிலிருந்து சென்று வடக்கே குடியேறியோரின் வழியினர் காலப்போக்கில் வெளுப்பர், வடக்கிலிருந்து தெற்கே வந்தோர் வழியினர் கறுப்பர் என்பது அவர் கருத்து. இயற்கைத் தேர்வு பற்றி அவர் அறியார். எனினும் சாபத்தை நீக்கிச் சூழலை வைத்தது பெரிய அடி. ஆனால் அதே நூலில் மிதமான தட்பவெப்ப நாட்டாரை உயர்த்தி, கடுவெப்ப நாட்டாரை விலங்கியல்புக்கு அண்மையராகக் கூறும் இடங்களும் உள. சாபத்தை உதறிய பேரறிஞராலும் ஏணியை உதற இயலவில்லை. நாம் அவரைப் போற்றுவது முன்னதற்காக. பின்னதை மறைத்தால் போற்றுதல் பொய்யாகும்.

நம் வீடுகளுக்கு வருவோம். பெண் பேசச் செல்லும் பெரியோர் திரும்பி வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் வினா எது? படிப்பா, பண்பா? ‘பெண் என்ன நிறம்?’ என்பதே. திருமண விளம்பரங்களில் ‘சிவந்த நிறமுள்ள’ என்னும் அடைமொழி எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாக நிலைத்துவிட்டது. நிறம் குறைந்த மகளுக்குச் சீர் கூட்டித் தரவேண்டியுள்ளது என்று பெருமூச்சு விடும் தந்தையரை நாம் அறிவோம். இந்தியச் சந்தையில் பெரும் விற்பனை கண்ட ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு 2020ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்னும் சொல்லை நீக்கிக்கொண்டது. சொல்லை நீக்குதல் எளிது. வட அகலாங்கு எட்டுப் பாகை முதல் பதின்மூன்றரைப் பாகை வரை கிடக்கும் இத்தமிழ்நாட்டில், கடும் வெயிலில் கருவைக் காத்து நின்ற ஒரு காப்பைக் குறை என்று விலைபேசும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. பன்னெடுங்காலமாகப் பல மக்கள் கலந்து வாழ்ந்த நிலம் இது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. அவ்விருவருள் ஒருத்தியை உயர்த்தி ஒருத்தியைத் தாழ்த்துவதற்கு அறிவியலில் இடம் இல்லை என்று சமுதாயப் பெரியோர்கள் முன்னிலையில் துணிந்து கூறுகிறோம்.

ஒரு நெருக்கடிக்கு ஒரே விடைதான் உண்டு என்பதும் இல்லை. திபெத்தியப் பீடபூமியும் தென் அமெரிக்க ஆண்டீஸ் மலையும் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் மக்கள் வாழும் இடங்கள். காற்றில் உயிர்வளி குறைவு. ஆண்டீஸ் மக்களின் குருதியில் ஹீமோகுளோபின் கூடிற்று. மூச்சில் வரும் சிறிதளவு உயிர்வளியையும் அது பற்றிக்கொள்ளும். திபெத்தியரிடம் அது அவ்வளவாகக் கூடவில்லை. அவர்கள் மிகுதியாக மூச்சு வாங்குகின்றனர். குருதி மிகத் தடித்தால் விளையும் கேட்டிலிருந்து அவர்களைக் காக்கும் மரபணு வடிவம் 2010ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அவ்வடிவம், சைபீரியாவின் தெனிசோவாக் குகையில் எச்சம் கண்டெடுக்கப்பட்ட, மறைந்துபோன வேறொரு மனிதக் கூட்டத்தாரிடமிருந்து மணக்கலப்பால் வந்தது என்று 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. தூய இனம் என்று மார்தட்டுவோர் இதைப் படிக்கவேண்டும். கலப்பால் வந்த கொடையே அம்மலைநாட்டாரை வாழ்விக்கிறது.

தகவமைப்பு என்றால் மேன்மை என்று நினைப்போர்க்கு நீலகிரியைக் காட்டுவோம். இந்தியாவில் அரிவாளணுச் சோகை முதன்முதலாக அறியப்பட்ட இடம் அம்மலை. அங்குள்ள பழங்குடியினரிடம் அதை லேமன், கட்புஷ் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டு கண்டு எழுதினர். குருதியின் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, நுண்குழாய்களில் அடைத்துக்கொண்டு, தாளாத வலியைத் தரும் பிறவிநோய் அது. இத்தகைய கேடு ஏன் மறையாமல் நின்றது? கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்ந்த அந்தோணி அலிசன் 1954ஆம் ஆண்டு விடை கூறினார். தாய் தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூற்றைப் பெற்ற பிள்ளைக்கு நோய் வருவதில்லை. மாறாக, கொடிய மலேரியாவிலிருந்து காப்பு கிடைக்கிறது. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளை நோயால் வாடுகிறது. கொசுவும் காய்ச்சலும் நிறைந்த காட்டில் பலர் பிழைக்க, சிலர் கொடுத்த விலை அது. காய்ச்சல் தணிந்த பின்னும் விலை தொடர்கிறது. இந்தியாவில் காணப்படும் இதன் மரபணு வகையே கிழக்கு அறபகத்திலும் காணப்படுகிறது. ஆகவே ‘அறபு-இந்திய வகை’ என்று அதற்குப் பெயர். நடுவண் அரசு இந்நோயை ஒழிக்கும் தேசியத் திட்டத்தை 2023ஆம் ஆண்டு சூலையில் தொடங்கியது.

இவ்வேறுபாடுகளைப் பேசினாலே இனவெறியர்க்கு ஆயுதம் கொடுத்ததாகும், பேசாதிருப்பதே நலம் என்று கருதும் நல்லோர் உளர். அவர்தம் அச்சம் புரிகிறது. முடிவை நாம் ஏற்கவில்லை. வேறுபாட்டை மறைத்தால், மலைக் குடியிருப்புப் பிள்ளை வலியால் துடிக்கும்போது காரணம் அறியாத மருத்துவரே எஞ்சுவார். மறைக்கவேண்டியது வேறுபாட்டை அன்று. நீக்கவேண்டியது அதன்மீது ஏற்றிய தரவரிசையை. அவ்வரிசைக்கு உடலில் எவ்வளவு இடம் உண்டு என்பதை ரிச்சர்டு லெவான்டின் 1972ஆம் ஆண்டே கணக்கிட்டார். மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கட்கூட்டத்துக்கு உள்ளேயே அமைந்துவிடுகிறது. இனம் என்று நாம் பிரிக்கும் பிரிவுகளுக்கிடையே எஞ்சுவது மிகச் சிறிது. ஆப்பிரிக்கக் காடுகளில் எஞ்சியுள்ள சிம்பன்சிகள் சில இலட்சங்களே. எண்ணூறு கோடி மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டைக் காட்டிலும் அவற்றிடையே உள்ளது மிகுதி. வேறுவேறாகத் தோன்றும் நாம் அத்துணை நெருங்கியவர்கள். ஒன்றுபோல் தோன்றும் அவை அத்துணை வேறுபட்டவை.

அவ்வேறுபாடுதான் இப்போது கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டு பன்னாட்டு அறிஞர் வெளியிட்ட ஆய்வின்படி, பிரைமேட்டு இனங்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு அழியும் நிலையை நெருங்கியுள்ளன. 75 விழுக்காட்டு இனங்களின் எண்ணிக்கை குறைந்துவருகிறது. அதே ஆண்டில் சுமத்திராவில் புதிய இனம் என்று அறியப்பட்ட தப்பனூலி ஒராங்குட்டான், பெயர் பெறும்போதே 800க்கும் குறைவாகத்தான் இருந்தது. நம் மாநிலத்தில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களை ஒட்டிய கடவூர்க் காடுகளில் 11,806 எக்டேர் பரப்பு 2022ஆம் ஆண்டு தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் அதுவே. இரவில் அதன் ஒளிரும் கண்ணைக் கண்டு அஞ்சியும், மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் ஆகுமென்று பிடித்தும் கொன்றுவந்த உயிருக்கு இப்போதாவது ஓர் இடம் கிடைத்தது.

கல்லூரிகள் இதில் செய்யத்தக்கது உண்டு. ஏணிப் படம் தொங்கும் ஆய்வுக்கூடச் சுவர்களில் அதை இறக்கிவிட்டு, கிளைவிடும் மரத்தின் படத்தை, நம் மலைக் குரங்குகளின் பெயர்களோடு மாணவரைக்கொண்டே வரையச் செய்யலாம். முசு எது, ஊகம் எது என்பதில் அகராதிகள் இன்றும் ஒருமித்த விடை தருவதில்லை; உரையாசிரியர் காலத்திலேயே மங்கத் தொடங்கிய வழக்கு அது. ஆனால் மலையடிவாரத்து ஊர்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் ஒவ்வோர் இனத்துக்கும் தனிப்பெயர் வழங்கும் முதியோர் உளர். தமிழ்த்துறை மாணவரும் விலங்கியல் மாணவரும் ஒருங்கே சென்று அப்பெயர்களைத் தொகுப்பாராயின் மரபியலுக்கும் அது உரையாகும், உயிரியலுக்கும் குறிப்பாகும். தேவாங்கைக் காண இரவில் செல்லவேண்டியிருக்கும். கைவிளக்கின்மேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு செல்லவேண்டும். அக்கண்களுக்கு வெள்ளொளி ஆகாது.